ஒரு பயணத்துக்குத்தான் பணம்: பெரிய மாநாடா, சின்னப் பயிலரங்கா?

முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் போன மாதம் எனக்கு இரண்டு மின்னஞ்சல்களை அனுப்பிவைத்தார். இரண்டும் அவருக்கு ஒரே வாரத்தில் வந்தவை. முதலாவது, சர்வதேச வளர்ச்சி குறித்து ஆண்டுதோறும் நடக்கும் பெரிய மாநாடு ஒன்றில் அவருடைய ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்ட செய்தி. இரண்டாவது, நிலவுரிமை பற்றிய இரண்டு நாள் பயிலரங்குக்கு அழைப்பு. மொத்தமே 18 பேர். இரண்டுக்கும் நடுவில் பத்து நாள்தான் இடைவெளி. இடமோ வேறு வேறு கண்டம். உதவித்தொகையில் பயணத்துக்கென்று மிச்சமிருந்த பணம் ஒரு தடவைக்குத்தான் காணும். "எதற்குப் போகட்டும்?" என்று ஒரு வரி கேட்டிருந்தார்.

பதில் எழுதப் போய் அது நீண்டுவிட்டது. அதைக் கொஞ்சம் சீர்செய்து இங்கே வைக்கிறேன்.

இந்த மாதிரி சமயத்தில் நாம் பார்ப்பது பெயரைத்தான். எது பெரிய இடம், எது தன்விவரக் குறிப்பில் எடுப்பாகத் தெரியும் என்று. நானும் அப்படித்தான் முடிவெடுத்து, இரண்டு தடவை நன்றாக ஏமாந்தேன். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது: உங்கள் கட்டுரை எந்தப் பதத்தில் இருக்கிறது? மாவாக இருக்கிறதா, பாதி வெந்திருக்கிறதா, இறக்கிவைத்தாகிவிட்டதா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெரிய மாநாட்டில் என்ன கிடைக்கும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளர்ச்சி ஆய்வில், அதாவது ஏழை நாடுகளின் பொருளாதார, சமூக முன்னேற்றத்தை ஆராயும் துறையில், 'மாநாடு' என்ற ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்பிரிக்கப் பொருளாதாரங்கள் ஆய்வு மையம் மார்ச் மாதத்தில் நடத்துவதும், அமெரிக்காவின் வடகிழக்குப் பல்கலைக்கழகங்கள் இலையுதிர் காலத்தில் முறைவைத்து நடத்தும் என்.இ.யு.டி.சி.யும் பொருளியலாளர்களின் கூட்டங்கள். அங்கே பின்னடைவு (regression) என்ற புள்ளியியல் சமன்பாடு இல்லாமல் மேடையேறினால் அவையே சங்கடப்படும். பிரிட்டனில் 1978இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வுகள் சங்கமும், 1975 முதல் இயங்கும் ஐரோப்பிய வளர்ச்சி ஆய்வு நிறுவனங்களின் சங்கமும் நடத்துபவை வேறு வகை. அங்கே மானுடவியலாளர், அரசியல் ஆய்வாளர், புவியியலாளர் எல்லாரும் வருவார்கள். உங்கள் சுருக்கத்தைத் தேர்ந்தெடுப்பது அந்தந்தக் குழு அமர்வை முன்மொழிந்தவர்கள். அவர்கள் பின்னால் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்பதும் உண்டு. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் முதல் தலைவராக இருக்க 2004இல் தொடங்கிய மனித மேம்பாடு, இயலுமை (capability) சங்கத்தின் கூட்டத்தில் தத்துவவாதிக்குப் பக்கத்து நாற்காலியில் கள ஊழியர் உட்கார்ந்திருப்பார்.

தகவல் தொழில்நுட்பமும் வளர்ச்சியும் குறித்த ஐ.சி.டி.டி. மாநாடு தனி ரகம். கணினியியல் வழக்கப்படி, அங்கே முழுக் கட்டுரையும் மதிப்பீட்டுக்குப் போய்த்தான் ஏற்கப்படும். ஏற்கப்பட்டால் அதுவே வெளியீடு. பொருளியலில் நிலைமை நேர்மாறு. எத்தனை மாநாட்டில் படித்தாலும் ஆய்விதழில் வராதவரை அது கணக்கில் இல்லை. வேலைக்கான தேர்வுக் குழுவில் யாரும் உங்கள் மாநாட்டுப் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இது தெரியாமல் வருஷத்துக்கு நாலு மாநாடு சுற்றி, ஐந்தாம் ஆண்டில் ஒரு கட்டுரைகூட அச்சேறாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் அமர்வுகள் ஓடும். ஓர் அமர்வுக்குப் பெரும்பாலும் 90 நிமிடம். அதற்குள் நான்கு கட்டுரைகள். ஆளுக்கு 15 நிமிடப் பேச்சு. மிச்சத்தில் அறிமுகம், கேள்வி, ஸ்லைடு திறக்கவில்லை என்ற தடுமாற்றம் எல்லாம் அடக்கம். கட்டுரையை யாரும் முன்கூட்டிப் படித்திருக்க மாட்டார்கள். அந்தக் கால் மணியில் காதில் விழுந்ததை வைத்துத்தான் கேள்வி வரும், வந்தால்.

எனக்கு முதல் பெரிய மாநாட்டில் கிடைத்தது கடைசி நாளின் கடைசி அமர்வு. அறுபது பேர் உட்காரலாம். நாங்கள் ஏழு பேர் இருந்தோம்: அமர்வுத் தலைவர், பேசுகிற நால்வர், அவர்களில் ஒருவரின் நண்பர், அப்புறம் பிளக் பாயிண்ட் தேடி வந்து சுவரோரம் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. கதவுக்கு வெளியே பெட்டிகள் உருளும் சத்தம். விமானத்தைப் பிடிக்க மாநாடே கிளம்பிக்கொண்டிருந்தது. 15 நிமிடத்துக்கு 31 ஸ்லைடு வைத்திருந்தேன். முடிவுகள் இருந்த ஸ்லைடுக்கு நான் வந்து சேர்ந்தபோது தலைவர் '1' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரே ஒரு கேள்வி வந்தது: தரவு பொதுவில் கிடைக்குமா? கிடைக்காது என்றேன். அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள் காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சும்மா பேச்சுக்கு, "எந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த மாவட்டத்தின் பழைய நிலப்பதிவேடுகளை ஒருவர் பத்து வருஷம் முன்பே படியெடுத்து வைத்திருக்கிறாரே, தெரியாதா?" என்றார். தெரியாது. தன் அட்டையின் பின்பக்கத்தில் அவருடைய மின்னஞ்சலை எழுதிக் கொடுத்துவிட்டுக் காபியோடு போய்விட்டார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்தது.

அதனால் பெரிய மாநாட்டைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அதன் பலன் தாழ்வாரத்தில் இருக்கிறது, அறைக்குள் குறைவு. அந்தத் தாழ்வாரமும் தானாகப் பலன் தராது. நிகழ்ச்சி நிரல் வந்தவுடன் நீங்கள் படித்து மேற்கோள் காட்டியிருக்கும் நாலைந்து பேர் வருகிறார்களா என்று பாருங்கள். இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள்: இன்ன கட்டுரையில் இன்ன இடத்தில் ஒரு சந்தேகம், கால் மணி நேரம் பேச முடியுமா என்று. ஐந்து பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது சரி என்பார்கள். எல்லா அமர்வுக்கும் போய் உட்கார்ந்து கடமையை நிறைவேற்றினால் களைப்புத்தான் மிஞ்சும்.

முன்பு இன்னொரு காரணமும் இருந்தது. பொருளியலில் வேலைக்கான முதல் நேர்காணல்கள், ஜனவரியில் அமெரிக்கப் பொருளியல் சங்கம் கூடும் இடத்திலேயே, விடுதி அறைகளில் நடக்கும். கோவிட் காலத்தில் அவை இணையவழிக்குப் போயின, அங்கேயே தங்கியும்விட்டன. வேலை தேடுவதற்காகவே போயாக வேண்டும் என்ற கட்டாயம் அதோடு தளர்ந்தது.

18 பேர் அறை

பயிலரங்கில் ஒளிய இடமில்லை. நல்ல பயிலரங்கு என்றால் கட்டுரை மூன்று வாரம் முன்பே எல்லாருக்கும் போய்விடும். ஒரு கட்டுரைக்கு 45 நிமிடம், சில இடங்களில் ஒரு மணி நேரம். சிலவற்றில் கட்டுரையை எழுதியவர் பேசவே கூடாது. கருத்துரையாளர் அதை அவைக்கு எடுத்துச் சொல்வார்; எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம்.

அந்த முறையில் நான் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். பாசனத் திட்டம் ஒன்றால் குடும்ப வருமானம் எப்படி மாறியது என்பது என் கட்டுரை. நான் 14 பக்கம் செலவழித்து எழுப்பிய கோட்பாட்டுப் பகுதியைக் கருத்துரையாளர் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார், எதையும் விடாமல். அது போதாதென்று, பென்சில் கோடுகள் நிறைந்த தன் பிரதியைப் புரட்டி, "11ஆம் பக்கத்தில் 412 குடும்பங்கள் என்கிறீர்கள். மூன்றாம் அட்டவணையில் 398 இருக்கிறது. அந்த 14 குடும்பங்கள் எங்கே போயின?" என்று கேட்டார். இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பில் வீடு பூட்டியிருந்ததால் விட்டுப்போனவை என்றேன். "பூட்டிவிட்டு எங்கே போனார்கள்?" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. கால்வாயின் கடைமடையில் இருந்த குடும்பங்கள் அவை. தண்ணீர் வராமல் ஊரைவிட்டுப் போனவர்கள். திட்டத்தால் வருமானம் கூடியது என்று நான் எழுதியிருந்தேன்; குறைந்தவர்கள் என் கணக்கிலேயே இல்லை. கட்டுரையைத் திரும்ப எழுத ஏழு மாதம் ஆயிற்று. அந்த 15 நிமிட மாநாட்டு அமர்வில் இந்தக் கேள்வி வந்திருக்க வழியே இல்லை. அட்டவணைக்கு நான் கொடுத்ததே அரை நிமிடம்.

வளர்ச்சித் துறையில் சின்ன அறைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. நாம் எழுதுவது அரசுத் திட்டங்களைப் பற்றி, கடன் கொடுக்கும் வங்கிகளைப் பற்றி, உதவி நிறுவனங்களைப் பற்றி. அங்கே வேலைசெய்யும் ஒருவர் ஐந்நூறு பேர் அரங்கில் மைக்கைப் பிடித்தால் அறிக்கையில் இருப்பதைத்தான் திரும்பச் சொல்வார். கதவைச் சாத்தி, சாத்தம் ஹவுஸ் விதிப்படி பேசலாம் என்று சொன்னால் கதை வேறு. 1927இல் லண்டனில் வகுத்த விதி அது. கேட்ட விஷயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், யார் சொன்னார் என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாது. ஒரு திட்டம் ஏன் இரண்டாம் ஆண்டிலேயே முடங்கியது என்ற உண்மைக் காரணத்தை நான் கேட்டதெல்லாம் அப்படிப்பட்ட அறைகளில்தான்.

பெரிய காரியங்கள் சின்ன அறையில் தொடங்கியதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. இத்தாலியில் கோமோ ஏரிக் கரையில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பெல்லாஜியோ மையம் இருக்கிறது. 1969இல் உதவி நிறுவனங்களின் தலைவர்கள் சிலர் அங்கே கூடி வேளாண் ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தத் தொடர் பேச்சின் முடிவில் 1971இல் பிறந்ததுதான் நெல், கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி மையங்களை ஒன்றுசேர்க்கும் சி.ஜி.ஐ.ஏ.ஆர். என்ற சர்வதேச அமைப்பு.

குறையும் இருக்கிறது. பயிலரங்குகளில் திரும்பத் திரும்ப அதே முகங்கள். அழைப்பு இல்லாமல் உள்ளே போவது கடினம், போய்விட்டால் அந்த வட்டத்தின் வாடை உங்கள் எழுத்திலும் ஏறிவிடும். மூத்தவர் ஒருவர் உங்கள் முறையியலே தப்பு என்று முதல் நாள் காலையில் சொல்லிவிட்டால், அடுத்த ஒன்றரை நாளும் அதே மேசையில் அவரோடுதான் சாப்பிட வேண்டும். இதைவிட மோசம், தலைப்பு உங்களுக்குச் சரியாகப் பொருந்தாமல் போவது. பெரிய மாநாட்டில் அறை மாறிக்கொள்ளலாம். இங்கே முடியாது.

பணம், விசா, அப்புறம் கட்டுரையே இல்லாதவர்கள்

பணக் கணக்கில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெரிய மாநாட்டில் பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். வருமானம் குறைந்த நாடுகளிலிருந்து வருவோருக்குக் கட்டணச் சலுகை இருக்கும், ஆனால் இடங்கள் குறைவு, சீக்கிரம் தீரும். பயிலரங்குகளுக்குப் பல நேரம் கட்டணமே இல்லை. தங்குமிடத்தை நடத்துபவர்களே பார்த்துக்கொள்வதும், விமானச் செலவைத் தருவதும் அபூர்வமில்லை. அழைப்பில் எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, கையிலிருந்த பணத்தைக் கரைத்தவன் நான்.

விசா இதைவிடப் பெரிய விஷயம். ஏழை நாடுகளைப் பற்றிய கூட்டங்களில் பல ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹெல்சிங்கியிலும் வாஷிங்டனிலும் நடக்கின்றன. அந்த ஏழை நாடுகளின் ஆய்வாளர்கள் தூதரக வாசலில் நிற்கிறார்கள். 1999இல் தொடங்கிய குளோபல் டெவலப்மென்ட் நெட்வொர்க் என்ற ஆய்வு அமைப்பு தன் ஆண்டு மாநாட்டை கெய்ரோ, புது தில்லி, டக்கார் என்று கொண்டுபோனது நல்ல வழக்கம். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. எனவே நாள்களைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்ப வராது. 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்கு 3 மாதம் முன்புதான் விண்ணப்பிக்கவே முடியும். அமெரிக்காவுக்கு நேர்காணல் தேதிக்கான காத்திருப்பே சில நகரங்களில் பல மாதம். கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி மாநாட்டுக்கு எட்டு வாரம் முன்புதான் வருகிறதென்றால், அந்த மாநாடு உங்களுக்கு நடைமுறையில் இல்லாத மாநாடு. 2017 ஜனவரி கடைசியில் அமெரிக்கா ஏழு நாட்டுக் குடிமக்கள் உள்ளே வரத் தடை போட்டது. சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் மாநாடு அடுத்த மாதமே பால்டிமோரில். எல்லாம் தயாராக வைத்திருந்தவர்களும் வர முடியவில்லை.

அப்படியானால் இணையவழியே போதாதா? என் கருத்து கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: சின்னப் பயிலரங்கு திரையில் நன்றாகவே நடக்கும், பெரிய மாநாடு நடக்காது. எல்லாரும் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தால் பென்சில் கோடு போட்ட பக்கத்தைப் பற்றித் திரையிலும் பேசலாம். காபி வரிசையைத் திரையில் உண்டாக்க யாராலும் முடியவில்லை. 2020இல் எல்லாரும் முயன்று பார்த்தோம். பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில் என்ற கலப்பு முறைதான் இருப்பதிலேயே மோசம். அறையில் இருப்பவர்கள் சிரிப்பது கேட்கும், எதற்கென்று தெரியாது.

கட்டுரையே இன்னும் இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு மேலே சொன்ன இரண்டும் வேண்டாம். அவர்களுக்கென்று எழுத்துப் பயிற்சி முகாம்களும் முறையியல் பயிற்சிகளும் இருக்கின்றன. விவசாயிகள் பற்றிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஜர்னல் ஆஃப் பெசன்ட் ஸ்டடீஸ் என்ற ஆய்விதழ், 2019இல் பெய்ஜிங்கில் தொடங்கி, 'தெற்கு' எனப்படும் வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கென்றே அப்படி ஒன்றை நடத்துகிறது. 1973இல் தொடங்கி டக்காரிலிருந்து இயங்கும் கோடெஸ்ரியா என்ற சமூக அறிவியல் ஆய்வு அமைப்பு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு முறையியல் பயிலரங்குகளை நடத்திவருகிறது. இங்கே போகிறவர்கள் வெறுங்கையோடு போகலாம், அதற்காகத்தான் அவை.

இன்னொரு வகை மாநாடும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். பொருளியலும் பல் மருத்துவமும் கட்டடப் பொறியியலும் ஒரே விடுதியில், ஒரே நாளில். சுருக்கம் அனுப்பி இரண்டாம் நாளே ஏற்பு, மூன்றாம் நாள் கட்டண நினைவூட்டல். நிகழ்ச்சிக் குழுவில் இருக்கும் பெயர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். பல நேரம் தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

என் கணக்கு

கட்டுரை பாதி வெந்த பதத்தில் இருந்தால் யோசிக்காமல் பயிலரங்கு. ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது, இனி அதை நாலு பேர் அறிய வேண்டும் என்றால் பெரிய மாநாடு. அப்போதும் கடைசி நாள் மதியம் கிடைத்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், சில நேரம் மாற்றுவார்கள். வேறு துறைக்குத் தாவ நினைப்பவருக்கும், தான் தனியாக இருக்கிறோம் என்று தோன்றுகிறவருக்கும் பெரிய மாநாடே நல்லது. தன்னைப் போல நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பதற்கே அந்தச் செலவு தகும்.

இரண்டையும் தள்ளிவிட்டு நான் சிபாரிசு செய்வது ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு மதியம் பேசுங்கள். தன்விவரக் குறிப்பில் ஒரு வரிகூட ஏறாது. ஆனால் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அந்த நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவராக இருக்கலாம். உங்கள் இரண்டாவது ஸ்லைடிலேயே கையைத் தூக்குவார்.

எனக்கு எழுதியவரின் கட்டுரை முக்கால் பதம். களத்தரவு கையில், முடிவுரை இன்னும் இல்லை. பயிலரங்குக்குப் போகச் சொன்னேன். அதற்கு முன் பயணச் செலவு பற்றி ஒரு வரி கேட்டு எழுதவும் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தங்குமிடமும் விமானச் செலவில் பாதியும் தருவதாக மறுநாளே பதில் வந்தது. மாநாட்டுக்கு வர இயலவில்லை என்று எழுதிவிட்டார். மிஞ்சும் பணம் அடுத்த ஆண்டு ஒரு மாநாட்டுக்குப் பத்துமா என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பதிவுக் கட்டணம் வரைக்கும் பத்துகிறதாம்.